பூணூலும் சிலுவையும்

குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்துவர் வீட்டுத் திருமணம் எதற்காவது நீங்கள் சென்றிருக்கலாம். மணமகன் மணமகளின் கழுத்தில் தாலி கட்டுவார். தேவாலயத்தில் குத்துவிளக்கு எரியும். தை மாதம் பிறந்தால் சில தேவாலய வளாகங்களில் பொங்கல் பானையும் பொங்கும். தஞ்சோங் காராங்கின் நெல்வயல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவடைத் திருநாள் புதிதன்று. எனினும், இந்துக்கள் செய்வதைக் கிறிஸ்துவர்கள் செய்யலாமா என்று அப்போது யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு வயது நானூறு. அதற்காகத் தம் சொந்தச் சபையின் விசாரணையையே எதிர்கொண்டவர் இராபர்ட் தெ நொபிலி. தமிழகத்தில் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர்.

தெ நொபிலி 1577ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்தார். செல்வத்தையும் பட்டத்தையும் உதறிவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1605ஆம் ஆண்டு கப்பலில் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் நாயக்க மன்னர்கள் ஆண்ட மதுரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் இருந்தார். அவர் பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ். முன்னாள் போர்வீரரான அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். மக்கள் அவரை மதித்தார்கள். ஆனால், பதினோர் ஆண்டுகளாகியும் உள்ளூர் மக்களுள் ஒருவர்கூட அவருடைய சமயத்தில் சேரவில்லை. கடற்கரையிலிருந்து வந்து போகும் பரவர் குலக் கிறிஸ்துவர்களே அவருடைய தேவாலயத்துக்கு வந்தனர்.

காரணத்தைத் தெ நொபிலி விரைவில் கண்டுகொண்டார். போர்த்துக்கீசியரை மக்கள் பறங்கியர் என்று அழைத்தனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நாள்தோறும் குளிக்காதவர் என்பது அச்சொல்லுக்குள் அடங்கிய பொருள். கிறிஸ்துவச் சமயத்தில் சேர்வதென்றால் பறங்கியர் குலத்தில் சேர்வது என்றே மதுரை மக்கள் எண்ணினர். திருமுழுக்குப் பெறுபவரிடம் பறங்கியர் குலத்தில் சேர விருப்பமா என்று தமிழில் கேட்கும் வழக்கமும் இருந்தது. கேட்டவர்களுக்கே அச்சொல்லின் பொருள் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை!

தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தினார், காலில் பாதக்குறடு அணிந்தார். நெற்றியில் சந்தனம் இட்டார். புலாலை விட்டு, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் மட்டும் உண்டார். பெர்னாண்டஸின் வீட்டைவிட்டு வெளியேறித் தனிக் குடிசையில் வாழ்ந்தார். மார்பில் பூணூலும் அணிந்தார். அதில் ஒரு சிறு சிலுவை தொங்கியது.

உடையை மாற்றுவது எளிது. மொழியைக் கற்பது எளிதன்று. அவர் தமிழை ஆழ்ந்து கற்றார். தெலுங்கும் பயின்றார். சிவதர்மர் என்னும் தெலுங்குப் பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். அந்நியர் ஒருவருக்கு வேத நூல்களைக் கற்பிப்பது அன்று ஆசிரியருக்கே ஆபத்தாக முடியக்கூடிய செயல். அந்தச் சிவதர்மர் பின்னர்க் கிறிஸ்துவரானபோது, தெ நொபிலி அவருடைய குடுமியையும் பூணூலையும் நீக்கச் சொல்லவில்லை.

இதைக் கண்டு பெர்னாண்டஸ் கொதித்தார். 1610ஆம் ஆண்டு மேலிடத்துக்கு நீண்ட முறையீடு ஒன்றை அனுப்பினார். அவரை வெறும் பொறாமைக்காரர் என்று நாம் ஒதுக்கிவிடக்கூடாது. அவருடைய வாதத்தில் வலுவிருந்தது. பூணூல் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் அணி அன்று. மந்திரம் ஓதி, சடங்கு செய்து அணிவிப்பது. மந்திரத்தை விட்டுவிட்டு நூலை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா? மேலும், தாம் பறங்கியர் அல்லர் என்று சொல்லி விலகி நிற்பவர், ஏற்கெனவே கிறிஸ்துவரான பரவர்களை இழிவுபடுத்துகிறார் அல்லவா? இவையே அம்முதியவரின் கேள்விகள்.

தெ நொபிலி இலத்தீன் மொழியில் விரிவாக விடை எழுதினார். அவர் எடுத்த கருவி கூர்மையானது. ஒரு பழக்கம் எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டது என்று முதலில் ஆராய வேண்டும் என்றார். தெய்வத்தை வணங்குவதற்கென்றே அமைந்த செயலை வேற்றுச் சமயத்தார் செய்யக்கூடாது. குலத்தையும் கல்வியையும் தூய்மையையும் அழகையும் காட்டும் செயலானால் செய்யலாம். சந்தனம் உடலைக் குளிர்விக்கும், மணம் தரும், திருமண வீட்டில் விருந்தினருக்கெல்லாம் கொடுக்கப்படும். பூணூல் குலத்தின் அடையாளம் என்பதற்கு மனுநூல் முதலிய சமஸ்கிருத நூல்களிலிருந்தே சான்று காட்டினார். எதிர்த்தவர்களுள் அந்நூல்களைப் படித்தவர் எவரும் இல்லை. அதுவே அவருடைய பெரிய பலம்.

வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்தது. அவருடைய பணி முடங்கியது. ரோமிலிருந்த அவருடைய உறவினர் கர்தினால் பெல்லார்மின்கூட முதலில் மனம் வருந்தினார். விளக்கம் பெற்ற பிறகே ஆதரித்தார். 1619ஆம் ஆண்டு கோவாவில் பேராயர் தலைமையில் மாநாடு கூடியது. தெ நொபிலி காவி உடையிலேயே சபை நடுவே நின்றார். பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே பேசினர். முடிவு ரோமுக்குச் சென்றது. 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி ஆணை பிறப்பித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றுக்கு அனுமதி கிடைத்தது. அதில் நிபந்தனையும் இருந்தது. கோயிலிலிருந்தோ பூசாரியின் கையிலிருந்தோ பூணூலைப் பெறக்கூடாது. மற்றைச் சமய மந்திரங்களும் சடங்குகளும் அதனோடு சேரக்கூடாது.

அவர் வென்றார். ஆனால், அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. பூணூலைக் குல அடையாளம் என்று வாதாடியவர் குல வேற்றுமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். உயர்குலத்தார்க்கு ஒரு தேவாலயம், பரவர்க்கு வேறொன்று என்ற நிலை மதுரையில் உருவானது. சந்தனத்தைப் பற்றி அத்தனை நுட்பமாகச் சிந்தித்தவர் இதை எப்படிப் பொறுத்தார் என்ற கேள்வி இன்றைய வாசகருக்கு எழாமல் இராது. 1640ஆம் ஆண்டிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்னும் துறவியர் தனியே நியமிக்கப்பட்டனர். அது குறையை ஓரளவு தணித்தது, நீக்கவில்லை.

தெ நொபிலி சேலம், திருச்சிராப்பள்ளி எனப் பல ஊர்களில் நடந்தே பணியாற்றினார். மதுரையில் சிறையிலும் அடைபட்டார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம் போன்ற நூல்களை உரைநடையில் எழுதினார். செய்யுளே கோலோச்சிய காலத்தில் கடினமான சமயக் கருத்துகளை உரைநடையில் எழுதியது துணிச்சலான முயற்சி. பார்வை மங்கிய முதுமையில் யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். மயிலாப்பூரில் மண்குடிசையில் தங்கினார். சுற்றிலும் போர்த்துக்கீசியர் வாழ்ந்த அவ்வூரில் சைவ உணவைக் கடைப்பிடிக்குமாறு அவரை வற்புறுத்துவார் யாருமில்லை. இருந்தும் இறுதிவரை கீரையும் சோறுமே உண்டார். 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் காலமானார்.

வழக்கு அவரோடு முடியவில்லை. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் ரோமின் தூதர் பல பழக்கங்களுக்குத் தடை விதித்தார். 1744ஆம் ஆண்டு மற்றொரு போப்பாண்டவர் அத்தடைகளை மீண்டும் வலியுறுத்தினார். கிறிஸ்துவர் மார்பிலிருந்து பூணூல் மறைந்தது. அவர் பரப்பிய தமிழ்ச் சொற்களோ எளிதில் மறையவில்லை. போர்த்துக்கீசியச் சொற்களை விடுத்து அவர் எடுத்தாண்டவை கோயில், பூசை, அருள், குரு போன்றவை. இன்றும் தஞ்சோங் காராங் பக்கத்துக் கிறிஸ்துவப் பாட்டி ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே புறப்பட்டுவிட்டீர்கள் என்று கேட்டால், கோயிலுக்குப் பூசை காணப் போவதாகத்தான் சொல்லுவார்.