சிங்காரவேலர் விட்டுச்சென்ற பாடம்

சென்னை ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை என்று அழைக்கப்படுகிறது. மே முதல் நாள் வரும்போதெல்லாம், இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் என்று ஒரு வரியில் அவரை நினைவுகூர்கிறோம். ஆனால், 1923 மே 1-ஆம் தேதி அவர் ஏற்றிய கொடியின் கீழ் ஓர் அரசியல் கட்சியும் பிறந்தது. அந்தக் கட்சி எதை நாடியது, ஏன் நிலைக்கவில்லை, அதன் தேவை இன்னும் இருக்கிறதா என்ற கேள்விகளை நாம் அதிகம் எழுப்புவதில்லை.

மயிலாப்பூர் சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் சட்டம் படித்து, உயர் நீதிமன்ற வழக்குரைஞரானார். பௌத்தத்தின் பகுத்தறிவு அவரை ஈர்த்தது. அயோத்திதாசரும் லட்சுமி நரசுவும் முன்னெடுத்த பௌத்த மறுமலர்ச்சியில் அவருக்கும் பங்குண்டு. அறிவியலும் டார்வினும் மார்க்ஸும் அவருடைய வாசிப்பில் ஒன்றுசேர்ந்தனர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று வழக்குரைஞர் தொழிலைத் துறந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. பலர் ஓய்வை நாடும் வயதில் அவருடைய பொதுவாழ்க்கையின் முதன்மையான பகுதி தொடங்கியது.

அன்றைய சென்னைத் தொழிலாளர்களின் நிலையை அறிந்தால்தான் அவருடைய முடிவின் பின்னணி விளங்கும். 1918-இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. தொழிற்சங்கத்துக்கு அப்போது சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லை. பின்னி நிறுவனத்தின் ஆலைகளில் பூசல் முற்றியபோது, சங்கத் தலைவர்கள் மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளர்களை ஒன்றுதிரட்டுவதே இழப்பீடு கோரத்தக்க குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் மூண்ட சாதிப் பூசலால் பிளவுண்டு தோற்றது. இந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற சிங்காரவேலருக்கு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. சட்டம் மாறாமல் சங்கம் பிழைக்காது. சாதி ஒழியாமல் வர்க்கம் ஒன்றுபடாது. அவருடைய பிற்கால முயற்சிகள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டே அடிப்படை எனலாம்.

1922 டிசம்பரில் கயாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்து, விடுதலைப் போராட்டத்தில் தொழிலாளர்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதிட்டார். நான்கு மாதங்கள் கழித்து, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி, இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். அதன் கருத்துகளைப் பரப்ப, ஆங்கிலத்தில் ஓர் இதழையும் தமிழில் 'தொழிலாளன்' இதழையும் நடத்தினார்.

அந்தக் கட்சி தலைமறைவு இயக்கமன்று. காங்கிரஸுக்குள் இருந்தபடியே, அகிம்சை வழியில், உழைப்பவர்களுக்கான சுயராஜ்யத்தைக் கோரிய திறந்த கட்சி அது. வெளிநாட்டிலிருந்து இந்தியக் கம்யூனிஸ்டுகளை வழிநடத்த முயன்ற எம்.என். ராய்க்கு இந்த அணுகுமுறை உவப்பாக இல்லை. கட்சியின் அறிக்கையை அவர் விமர்சித்தார். ஆங்கிலேய அரசுக்கோ எல்லாம் ஒன்றுதான். 1924-ஆம் ஆண்டின் கான்பூர் சதி வழக்கில் சிங்காரவேலரையும் சேர்த்தது. உடல்நலக் குறைவால் அவர் மீதான நடவடிக்கை தொடரவில்லை.

1925 டிசம்பர் இறுதியில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சிங்காரவேலரே. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் பிறப்பை அந்த மாநாட்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. அங்கே தமது தலைமையுரையில், போல்ஷ்விசம் என்பது ரஷியர்கள் தங்கள் நாட்டுக்கேற்பக் கைக்கொண்ட வடிவம்; இந்தியப் பொதுவுடைமை அதன் நகலாக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தை அவர் முன்வைத்தார். ரஷியப் புரட்சி நடந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், உலகெங்கும் இடதுசாரிகள் மாஸ்கோவை நோக்கியிருந்தபோது, இப்படிச் சொல்வதற்குத் துணிவு தேவைப்பட்டது.

அவருடைய வாழ்வின் கடுமையான சோதனை திருச்சியோடு தொடர்புடையது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றி, பணிகளை ஓரிடத்தில் குவிக்கத் திட்டமிட்டது. அதன் தொடர்ச்சியாகத் தொழிலாளர்களின் திறனைச் சோதிக்கத் தேர்வும், ஆயிரக்கணக்கானோரின் ஆள்குறைப்பும் வந்தன. நிர்வாகத்தின் கணக்கில் அது சிக்கனம். நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் திருச்சியிலும் இருந்த குடும்பங்களுக்கோ அது பட்டினி. 1928 ஜூலையில் வெடித்த வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும். வேலைநிறுத்தம் சில நாள்களிலேயே ஒடுக்கப்பட்டது. 68 வயது முதியவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. 1930-இல் அவர் விடுதலையானார். பொன்மலைப் பணிமனையின் தொடக்க வரலாற்றில், வேலையிழந்த அந்தத் தொழிலாளர்களின் கதையும் அடங்கியிருக்கிறது.

சிறை அவரை முடக்கவில்லை. சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கி, 'குடி அரசு' இதழில் அறிவியல், சமயம், பொருளாதாரம் குறித்துத் தொடர்ந்து எழுதினார். சோவியத் நாட்டுப் பயணத்திலிருந்து பெரியார் 1932-இல் திரும்பியதும், டிசம்பர் இறுதியில் ஈரோட்டில் கூடிய கூட்டத்தில் சிங்காரவேலரின் துணையோடு ஒரு வேலைத்திட்டம் உருவானது. சமூகச் சீர்திருத்தத்துக்குச் சுயமரியாதை இயக்கம், தேர்தல் அரசியலுக்குச் சமதர்மக் கட்சி என்று இரு கிளைகளை அது வகுத்தது. ரயில்வே, வங்கி, கப்பல் போக்குவரத்து போன்றவற்றைப் பொதுவுடைமையாக்குவதும், உழவர்களைக் கடனிலிருந்து விடுவிப்பதும் அதன் நோக்கங்கள். பின்னி ஆலைப் போராட்டம் கற்பித்த இரண்டு பாடங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால், அரசின் அடக்குமுறை தீவிரமடைந்தது. 1934-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. பெரியார் அந்தத் திட்டத்திலிருந்து விலகி, சமூகச் சீர்திருத்தத்துக்கே முதலிடம் தந்தார். சிங்காரவேலரின் இரண்டாவது கட்சி முயற்சியும் வேரூன்றாமல் போனது.

1946 பிப்ரவரி 11 அன்று, 85-ஆம் வயதில் அவர் மறைந்தார். அடுத்த ஏழு மாதங்களுக்குள், செப்டம்பர் 5 அன்று, பொன்மலையில் போராடிய ரயில்வே தொழிலாளர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். அந்தத் தியாகத்தின் நினைவு திருச்சி அரசியலில் நெடுங்காலம் நிலைத்தது. 1962, 1967 தேர்தல்களில் ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் கே. அனந்தன் நம்பியாரையும், 1971, 1977 தேர்தல்களில் எம். கல்யாணசுந்தரத்தையும் திருச்சித் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. தொடர்ந்து நான்கு முறை செங்கொடியைத் தேர்ந்தெடுத்த தொகுதி, அதன் பின் ஒருமுறைகூட அவ்வாறு செய்யவில்லை.

ஐரோப்பாவின் அனுபவத்தை இதனோடு ஒப்பிடுவது பயனுடையது. 1989-இல் ஹங்கேரியின் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி தன்னைச் சோஷலிஸ்ட் கட்சியாக மாற்றிக்கொண்டது. 1990 ஜனவரியில் போலந்தின் ஆளும் கட்சி கலைந்து, சமூக ஜனநாயகக் கட்சியாக மறுபிறவி எடுத்தது. பல கட்சித் தேர்தலையும் சட்டத்தின் ஆட்சியையும் ஏற்ற இக்கட்சிகள், போலந்தில் 1993-இலும் ஹங்கேரியில் 1994-இலும் மக்களின் வாக்குகளாலேயே மீண்டும் ஆட்சிக்கு வந்தன. சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய வேகத்தில் வேலையிழந்தவர்கள் அவர்களை நம்பினர். ஆனால், ஆட்சிக்கு வந்த பிறகு, 1995-இல் ஹங்கேரியில் கடுமையான சிக்கன நடவடிக்கைகளைக் கொண்டுவந்தது அதே சோஷலிஸ்ட் அரசுதான். நம்பிக்கை தேய்ந்தது. 2015 தேர்தலில் போலந்து நாடாளுமன்றத்தில் இடதுசாரி அணிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. தொழிலாளர்களின் கோபத்தைத் தேசியவாதக் கட்சிகள் அறுவடை செய்தன.

அதிகாரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வந்து ஜனநாயகத்தைக் கற்றவை அக்கட்சிகள். சிங்காரவேலரோ அதிகாரமே இல்லாத இடத்தில் இருந்து, வாக்குரிமைகூடப் பெரும்பாலோருக்கு இல்லாத காலத்தில், திறந்த அரசியலையும் தொழிலாளர் நலனையும் ஒன்றாக இணைக்க முயன்றார். அவரை ஐரோப்பியப் பொருளில் சமூக ஜனநாயகவாதி என்று முத்திரை குத்துவது பொருந்தாது. பெருந்தொழில்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்ற கொள்கையை அவர் கைவிட்டதே இல்லை. எனினும், ஜனநாயகம் இல்லாத பொதுவுடைமை சர்வாதிகாரமாகும், தொழிலாளரை மறந்த ஜனநாயகம் வெற்றுச் சடங்காகும் என்பதே அவருடைய வாழ்வும் ஐரோப்பாவின் அனுபவமும் சேர்ந்து உணர்த்தும் செய்தி.

இது பழைய வரலாறு மட்டும்தானா? நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இன்றும் முறைசாராப் பணிகளில் இருக்கின்றனர். மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்த அமைப்புசாராத் தொழிலாளர்களின் எண்ணிக்கை 30 கோடியைத் தாண்டிவிட்டது. 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. செயலி வழிப் பணியாளர்களையும் சமூகப் பாதுகாப்பு வரம்புக்குள் கொண்டுவந்தது அவற்றின் நல்ல அம்சம். ஆனால், ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்த்தப்பட்டுள்ளது. எந்த நிறுவனத்திலும் வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயமாகியுள்ளது. 1928-இல் பொன்மலையை உலுக்கிய ஆள்குறைப்பு என்னும் கேள்வி, புதிய சட்ட மொழியில் நம் முன் மீண்டும் நிற்கிறது.

அவர் தொடங்கிய கட்சியின் பெயரிலேயே தொழிலாளியும் உழவரும் சேர்ந்திருந்தனர். திருச்சி மாவட்டத்தைப் பார்த்தாலே அதன் பொருள் புரியும். ஒரு பக்கம் பொன்மலைப் பணிமனையும் திருவெறும்பூரைச் சுற்றியுள்ள ஆலைகளும், அவற்றில் நிரந்தரத் தொழிலாளரின் அருகிலேயே அதே பணியைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருக்கின்றனர். மறுபக்கம் துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் பழங்குடி உழவர்கள் மரவள்ளி பயிரிடுகின்றனர். அந்தக் கிழங்கு ஆத்தூர், சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. அதன் விலையை முடிவு செய்வதில் விளைவித்தவரின் குரல் மிகச் சிறியது. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலியிலும், மலை உழவருக்கு விலையிலும் பேரம் பேசும் வலிமை இல்லை. இருவருடைய சிக்கலும் ஒன்றே என்பதை 1923-இலேயே கண்டுகொண்டவர் சிங்காரவேலர்.

அவருடைய கட்சிகள் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால், தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. பின்னி ஆலை வாயிலிலும் ரயில்வே பணிமனைகளிலும் தோற்றவர்களின் போராட்டங்கள் இல்லாமல் அந்தச் சட்டங்கள் தாமாக வந்திருக்க மாட்டா. கட்டடத்துக்குப் பெயர் சூட்டி ஒரு தலைவரைக் கௌரவிப்பது எளிது. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம ஊதியமும், மலை உழவருக்கு நியாய விலையும் தேர்தல் அறிக்கைகளில் மட்டுமன்றிச் சட்டமன்ற விவாதங்களிலும் முதலிடம் பெறும் நாளே, சிங்காரவேலருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாக இருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).