அரிசி மூட்டையால் உயர்ந்தார், அரிசி இல்லாமல் வீழ்ந்தார்: போர்க்களத்தில் மருதநாயகம் வாழ்ந்த வாழ்க்கை

மருதநாயகம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, 1997-ல் எலிசபெத் ராணி முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கி, இன்னும் முடியாமல் நிற்கும் படம்தான். குதிரை, வாள், பீரங்கி என்றுதான் மனதில் ஓடும். ஆனால் அந்தத் தளபதி பெயர் வாங்கியது ரொம்ப சாதாரணமாகத் தெரியும் ஒரு வேலையில். பட்டினி கிடந்த படைக்கு அரிசி கொண்டுவந்து சேர்த்த வேலை அது.

யாருக்கும் யாருக்கும் சண்டை?

1749-ல் ஆம்பூர் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அடுத்த நவாப் யார்? அவர் மகன் முகமது அலியா, பழைய நவாப் குடும்பத்து மருமகன் சந்தா சாகிப்பா? இதுதான் பிரச்னை. முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயக் கம்பெனி நின்றது. சந்தா சாகிப்புக்குப் பின்னால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள். உள்நாட்டு நாற்காலிச் சண்டை, இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளின் சண்டையாகவும் ஆனது.

இன்று புதுச்சேரியின் கொம்யூன்களாக இருக்கும் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது இந்தச் சண்டையில்தான். சந்தா சாகிப் அணிக்குக் கைகொடுத்ததற்குக் கிடைத்த பரிசு. 1752-ல் அதே பாகூரில் இரு படைகளும் மோதின. விடியாத இருட்டில், துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் நேருக்கு நேர் குத்திக்கொண்டார்கள். லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படை ஜெயித்தது. பிரெஞ்சுத் தளபதி கெர்ஜான் பிடிபட்டார். இரண்டு படைகளிலும் வெள்ளைக்காரர்களைவிட உள்ளூர் சிப்பாய்களே அதிகம்.

அந்தச் சிப்பாயின் ஒரு நாள்

வெயில் ஏறுவதற்கு முன்பே நடை தொடங்கிவிடும். ஏரி, குளம் இருக்கும் இடத்தில்தான் முகாம். தண்ணீருக்கும் அதுதான், சண்டை வந்தால் மறைந்துகொள்ளவும் ஏரிக்கரைதான். படையோடு மனைவி, பிள்ளைகள், பொதிமாடுகள், ஒரு முழு சந்தையே நகரும். சிப்பாய் தன் சம்பளத்தில்தான் அந்தச் சந்தையில் அரிசி வாங்கிப் பொங்கித் தின்ன வேண்டும். மாடுகள் வராவிட்டால் விலை ஏறும். சம்பளம் பாக்கி விழுந்தால் கதை முடிந்தது. பலர் எதிரி முகாமுக்கே வேலை கேட்டுப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெடிமருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கட்டைதான்.

எதிரியின் குண்டைவிட, காலியான அடுப்புதான் படையைச் சீக்கிரம் கலைக்கும் என்பது சிப்பாய்க்குத் தெரியும். மருதநாயகத்துக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

திருச்சியில் திரும்பிய வாழ்க்கை

ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். இஸ்லாத்துக்கு மாறி முகமது யூசுப்கான் ஆனார். 1750-களின் தொடக்கத்தில் ஒரு சிறு சிப்பாய்க் கூட்டத்தோடு கிளைவ் படையில் சேர்ந்தார்.

1753, 1754-ல் போரின் மையம் திருச்சி. பிரெஞ்சு, மைசூர், மராட்டியப் படைகள் ஸ்ரீரங்கம் பக்கம் முகாமிட்டிருந்தன. திருச்சியைக் காத்த ஆங்கிலேயப் படைக்குத் தஞ்சாவூரில் இருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் இருந்தும்தான் அரிசி வர வேண்டும். 1754 பிப்ரவரியில் வந்த ஒரு பெரிய பொதிமாட்டு அணியை மைசூர், மராட்டியக் குதிரைப்படை சுற்றி வளைத்தது. காவலுக்கு வந்த ஆங்கிலேயரின் தேர்ந்த கிரெனேடியர் கம்பெனியே அழிந்தது.

இந்த நெருக்கடியில்தான் யூசுப்கான் தனித்துத் தெரிந்தார். எந்தக் காட்டுப் பாதை, எந்த இரவு, எதிரிக் குதிரைகள் எங்கே மேய்கின்றன என்று உளவு பார்த்து, மாடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். இன்றைய பாஷையில் சொன்னால், லாஜிஸ்டிக்ஸில் கில்லி.

அதே ஆண்டில் அவர்மீது துரோகப் பழி விழுந்தது. மைசூரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று ஒரு கடிதம் சிக்க, கைதும் ஆனார். விசாரித்தால், கடிதமே போலி. பின்னணியில் இருந்தவர் கம்பெனியின் துபாஷி பொன்னியப்பா. அவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். யூசுப்கானுக்குக் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதி பதவியும் தங்கப் பதக்கமும் கிடைத்தன.

பட்டினியே ஆயுதம்

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். யூசுப்கான் உள்ளே இல்லை. வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கம் சுற்றிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு வரும் உணவை மறித்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த ஆண்டு அதே பாடம் புதுச்சேரிக்கு வந்தது. மைசூர் படை கொண்டுவரும் மாடும் அரிசியும் நகருக்குள் போக வில்லியனூர் கோட்டை முக்கியம். 1760 ஜூலையில் ஆங்கிலேயத் தளபதி கூட் அதைப் பிடித்தார். 1761 ஜனவரி 16-ல், சாப்பாடு தீர்ந்த புதுச்சேரி சரணடைந்தது.

கடைசியில் அவருக்கே

இதற்கிடையே யூசுப்கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகியாகியிருந்தார். கம்பெனிக்காகப் பூலித்தேவரோடும் மோதினார். அதனால்தான் அவரை வீரர் என்று மட்டும் சொல்லி யாராலும் நகர முடிவதில்லை. மதுரையை மறுபடி நவாப் முகமது அலியின் கீழ் கொண்டுவரக் கம்பெனி முடிவு செய்ததும், அவர் மறுத்தார். 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

முதல் முற்றுகை மழையில் கலைந்தது. 1764 ஜூனில் மேஜர் கேம்ப்பெல் நடத்திய நேரடித் தாக்குதலும் தோற்றது. பிறகு கேம்ப்பெல் எடுத்தது யூசுப்கானின் பழைய ஆயுதத்தை. கோட்டைக்குள் அரிசி போகும் எல்லா வழியையும் அடைத்தார்.

உள்ளே பசி கூடக் கூட, விசுவாசம் குறைந்தது. அக்டோபர் 13-ல் அவருடைய ஆட்களே அவரைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்தும் உண்டு. அக்டோபர் 15-ல் தூக்கு. எந்த நவாப்பின் நாற்காலிக்காகத் திருச்சிக்கு அரிசி சுமந்தாரோ, அதே முகமது அலியின் உத்தரவில்.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இருக்கிறது. படம் எப்போது வருமோ தெரியாது. அங்கே எப்போது வேண்டுமானாலும் போய்வரலாம்.