மோரும் ஊறுகாயும் ஆராய்ந்த மேதை

பரேலில் பழைய கவர்னர் மாளிகையில் உள்ள ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தை மும்பைத் தமிழர் அறிவர். பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிய நாளில், 1897 ஜனவரியில், தாம் கண்ட தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டவர் வால்டெமர் ஹாப்கின். ஒடெஸ்ஸாவில் அவருக்கு ஆசானாக விளங்கியவர் எலி மெச்னிகாவ். மாணவரை அறிந்த நாம் ஆசானை அறிய வேண்டாமா?

மெச்னிகாவ் 1845இல், இன்றைய உக்ரைனில் கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். நான்காண்டுப் பட்டப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த சூரர். ஆனால், இல்வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. காசநோயால் நலிந்த மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் மாதா கோயிலுக்குத் தூக்கி வந்தனர். 1873இல் அவ்வம்மையார் மறைந்தார். அவரும் உயிரை விடத் துணிந்து, பிழைத்தார். 1881இல் மீண்டும் மனம் சோர்ந்தபோது, தம் சாவாவது விஞ்ஞானத்துக்கு உதவட்டும் என்று, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் கண்ட நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அப்போதும் சாவு அவரை அண்டவில்லை.

அடுத்த ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கினார். ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட்டனர். தனித்திருந்தவர், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சூழ்ந்து உயிரணுக்கள் திரண்டு நின்றன! நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் இவ்வாறே பகைக் கிருமிகளை விழுங்குகின்றன என்று பின்னர் நிறுவினார். இதற்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1888 முதல் பாரிசில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகாவின் மனம் முதுமையின் பக்கம் திரும்பிற்று. பெருங்குடலில் பொருள்களை அழுகச் செய்யும் கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சே நம்மை மூப்படையச் செய்கிறது என்று கருதினார். அவற்றை அடக்கப் புளிப்பை உண்டாக்கும் கிருமிகளை அனுப்பலாமே! பல்கேரியத் தயிரில் கிரிகோரவ் என்ற மாணவர் 1905இல் கண்ட கிருமி அவருக்குக் கைகொடுத்தது. நாள்தோறும் புளித்த பாலை அருந்தலானார். 1907இல் வெளியிட்ட நூலில், உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய் வழியாகவும் மக்கள் தொன்றுதொட்டு இக்கிருமிகளை உண்டு வருவதைச் சுட்டினார்.

காயில் நடப்பது இதுதான்: உப்பு சாற்றை வெளியே இழுக்கிறது, காற்றுப் புகாத அந்நீரில் லூகோனோஸ்டாக் முதலில் பெருகுகிறது, புளிப்பு ஏறியதும் அதைத் தாங்கும் பிளாண்டாரம் இடத்தைப் பிடிக்கிறது. அப்புளிப்பில் அழுகச் செய்யும் கிருமிகள் வாழ மாட்டா. நம் பாட்டிமார் மாவடு போட்டதும் ஏறக்குறைய இவ்வழியே. காய்ச்சிய எண்ணெயும் அளவற்ற உப்பும் கொட்டிய ஊறுகாயில் இவை உயிரோடிருக்கும் என்று எண்ணிவிடாதீர்!

நாடெங்கும் மருந்துக் கடைகள் தயிர்க் கிருமி மாத்திரை விற்கத் தொடங்கின. ஆசிரியரின் கருதுகோளை வணிகர் மெய்யாகவே ஆக்கிவிட்டனர். அவரோ இறுதிவரை ஆராய்ச்சியாளராகவே இருந்தார். 1916 ஜூலையில் இதய நோயால் உயிர் பிரியும் வேளையிலும், தம் உடலை அறுத்துக் குடலை நன்கு பார்க்குமாறு நண்பரான மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். வயது 71. அவரது அஸ்தி பாஸ்டர் நிலைய நூலகத்தில் வைக்கப்பெற்றது.

பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் குடியேறுவதில்லை என்று 1921இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரெட்கரும் செப்லினும் காட்டினர். எனினும் கேள்வி சாகவில்லை. 1930இல் ஜப்பானியர் ஷிரோட்டா, குடல்வரை உயிரோடு செல்லும் வேறொரு கிருமியைப் பிரித்தெடுத்தார். போதிய அளவில் உயிருடன் உட்கொண்டு, உண்பவருக்கு நன்மை தந்தால்தான் அது புரோபயாட்டிக் என்று 2001இல் உலக அமைப்புகளின் வல்லுநர் குழு வரையறுத்தது.

ஆகவே, காய்ச் சாடியில் கிடைத்த கிருமி இரைப்பை அமிலத்தைத் தாங்குகிறதா, பித்தநீரில் பிழைக்கிறதா, தீங்கற்றதா என்று எம்மைப் போன்றோர் சோதனைக் குழாயில் பார்க்கிறோம். இவையெல்லாம் தேறினாலும் மனிதரிடம் நன்மை காட்டும்வரை அதற்கு அப்பெயர் கிடையாது.