ரத்தப் புற்றுநோயை எதிர்த்த சுப்பாராவ்

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தே கிடையாது என்று டாக்டர்கள் கைவிரித்த காலம் உண்டு. அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தார். ஏழைக் குடும்பம். தந்தை இறந்துவிட, தாயார் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளைப் பின்பற்றி கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்கார பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. பெரிய பட்டம் கை நழுவியது.

சகோதரர்கள் சாவு

"ஸ்புரூ" என்ற வயிற்று நோயால் சகோதரர்கள் இருவர், எட்டே நாள் இடைவெளியில் இறந்தார்கள். சுப்பாராவ் துடித்துப் போனார்.

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவரது குழுவினர் 1945-ல் போலிக் அமிலத்தைச் செய்து காட்டினார்கள். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று!

புற்றுநோய் அணுக்கள் பெருகவும் போலிக் அமிலம் வேண்டும். அதைப்போலவே தோன்றி, அவற்றை ஏமாற்றும் மருந்தை அக்குழு தயாரித்தது. டாக்டர் சிட்னி பார்பர் அதை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். பலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதே இனத்தைச் சேர்ந்த "மெத்தோட்ரெக்சேட்" இன்றும் பயன்படுகிறது. 1948 ஆகஸ்டில், 53-வது வயதில் சுப்பாராவ் காலமானார்.

பூசணம் ஜாக்கிரதை

பிற்காலத்தில் ஒரு பூஞ்சைக் காளானுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆனால், புற்றுநோயாளிக்கு பூஞ்சைக் காளான் பொல்லாத எதிரி. இத்தகைய மருந்துகள் நோயைத் தாக்கும்போது, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் குறையலாம். அப்போது மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூசணம், நோயாளியின் வாயிலும் நுரையீரலிலும் பற்றிக்கொள்ளும்.

மதுரை ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்று மேலூர், உசிலம்பட்டி கிராமங்களுக்குத் திரும்புவோர் கவனிக்க வேண்டியவை இவை:

வைக்கோல் படப்பு, நெல் தூற்றும் களம், குப்பைமேடு, வீடு இடிக்கும் இடம் ஆகியவற்றின் பக்கம் போகக்கூடாது. தூசியோடு பூஞ்சை வித்துகள் பறக்கும். பூசணம் பூத்த ரொட்டி, நிலக்கடலையைத் தின்னக்கூடாது. நோயாளியும் வீட்டாரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வாயைச் சுத்தமாக வைத்து, வெள்ளைப் படலம் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தால், நாமாக நிறுத்தக்கூடாது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மருந்து காப்பாற்றிய உயிரைப் பூசணத்துக்குப் பறிகொடுக்கலாமா?