அளவால் உயர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ

போடி மண்ணில் பிறந்த எனக்கு அளவின் அருமையை முதலில் உணர்த்தியது ஏலக்காய்ச் சல்லடை. 8 மில்லிமீட்டர் கண்ணில் தங்கும் காய்க்கு ஒரு விலை. கீழே விழும் காய்க்கு வேறு விலை. கண்மதிப்புக்கு அங்கே இடமில்லை. அதே பாடத்தை மறுமுறையும் எனக்குக் கற்பித்தது ஒரு துப்பாக்கி. அதனை உருவாக்கிய மேதையின் வாழ்வை இங்குச் சுருங்கக் கூற விழைகிறேன்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஹாயிக் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்துடன் கனடா சென்றார். தந்தையிடம் கடிகாரத் தொழில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1,000 துப்பாக்கிகள் செய்து தரும் அரசு ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் குழலின் அளவு குறித்து எழுந்த பிணக்கால் அம்முயற்சி முறிந்தது. அளவே அவரை வீழ்த்தியது. எனினும் அவர் துவளவில்லை. 1879-இல் தோட்டாப் பெட்டி பொருந்திய துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவரது அமைப்பு 1888-இல் லீ-மெட்ஃபோர்டாகவும், 1895-இல் லீ-என்ஃபீல்டாகவும் பிரிட்டிஷ் படையில் இடம்பெற்றது. 1904-இல் அவர் மறைந்தார். வங்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலை அவ்வகைத் துப்பாக்கியைப் பல்லாண்டுகள் செய்து தந்தது.

1982-இல் தேசிய மாணவர் படையில் சேர்ந்த என் கைக்கும் அந்த 303 வந்தது. முகாமில் ஒரு மாலை, துடைத்து எண்ணெயிட்ட பின், இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டுகளை மாற்றிப் பொருத்திவிட்டேன். இரண்டும் தடையின்றி மூடின. எனவே நான் ஐயுறவில்லை. அவற்றுள் ஒன்றை மறுநாள் காலை என் உயிர்த்தோழன் சுட இருந்தான்.

முகாமுக்கு வந்திருந்த ஆர்மரர் ஐயா எண்கள் பொருந்தாமையைக் கண்டுபிடித்தார். போல்ட்டின் முகப்புக்கும் குழலின் பின்முகத்துக்கும் இடையே தோட்டாவின் விளிம்பு அமரும் இடைவெளி உண்டு. அதற்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். 0.064 அங்குல அளவுகட்டையை வைத்தால் போல்ட் முழுவதும் மூட வேண்டும், 0.074 அங்குலக் கட்டையின்மேல் மூடவே கூடாது. தோழனின் துப்பாக்கி இரண்டாவது கட்டையையும் விழுங்கிக்கொண்டு மூடியது! அப்படியே சுட்டிருந்தால் தோட்டாக்கூடு அறுந்து, கொதிக்கும் வாயு அவன் முகத்தில் பாய்ந்திருக்கலாம்.

அவரவர் போல்ட்டை அததில் பொருத்தி, ஐயா மீண்டும் அளந்தார். இரண்டும் தேறின. தேறாதவற்றுக்குப் போல்ட் தலையை மட்டும் திருகிக் கழற்றி, வேறு தலை பொருத்தி, மறுபடி அளப்பதும் உண்டு என்றார். எந்தப் பாகம் மாறினாலும் அளக்காமல் சுடலாகாது என்பதே அவர் இட்ட கட்டளை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அளவில் தவறிய லீ இழந்தது ஓர் ஒப்பந்தம். நான் இழக்கவிருந்ததோ ஒரு தோழனின் கண்கள். மாணவ நண்பர்களே, மூடிவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று எண்ணாதீர்கள். அளந்து பாருங்கள்!