பிறவுணிங்: அகதியின் மகன் ஆக்கிய கைத்துப்பாக்கிகள்

கைத்துப்பாக்கியொன்றைத் தெரிந்தெடுப்போர் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு. பெரிய ரவையா, சிறிய ரவையா? அமெரிக்காவில் பொலிசாரும், படையினரும், சட்டப்படி ஆயுதந் தரித்துச் செல்லும் குடிமக்களும் இன்றும் இதுபற்றி ஓயாது வாதிடுகின்றனர். வாதத்தின் எப்பக்கத்தில் நிற்போரும் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே மனிதரின் கைவேலையையே. அவர்தான் ஜோன் மோசஸ் பிறவுணிங்.

அவரது தந்தை ஜொனதன் பிறவுணிங் துப்பாக்கி செய்யும் கொல்லர். மோர்மன் சபையைச் சேர்ந்தவர். இலினோய் மாநிலத்தின் நோவூ நகரில் பட்டறை வைத்திருந்தார். 1846 இல் அச்சபையினர் அந்நகரிலிருந்து விரட்டப்பட்டபோது அவரும் குடும்பத்தோடு வெளியேறினார். அயோவாவில் சில ஆண்டுகள் தங்கி, மேற்கே செல்லும் சக அகதிகளுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்து, 1852 இல் யூட்டாப் பிரதேசத்தை அடைந்து, ஒக்டன் என்னும் ஊரில் மீண்டும் உலையை மூட்டினார். அங்கேதான் 1855 ஜனவரியில் ஜோன் பிறந்தார்.

பட்டறையே பையனின் பள்ளிக்கூடமாயிற்று. பதின்ம வயதிலேயே கழிவு இரும்பிலிருந்து துப்பாக்கி செய்யக் கற்றார். தந்தை மறைந்த 1879 ஆம் ஆண்டிலேயே தமது முதலாவது காப்புரிமையைப் பெற்றார். சகோதரர்களோடு சேர்ந்து சிறு தொழிலகமாக நடத்திய அக்கடையை 1883 இல் வின்செஸ்ரர் நிறுவனத்தின் அதிகாரி தேடிவந்து, அத்துப்பாக்கியின் உரிமையை 8,000 டொலருக்கு வாங்கினார். உலகறிந்த ஆயுத வடிவமைப்பாளரின் தொழில்வாழ்வு இவ்வாறே தொடங்கியது. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128.

அக்காலத்துச் சுழல் துப்பாக்கியில் ஒவ்வொரு ரவையையும் சுடுவதற்கு விரலின் வலுவே உருளையைச் சுழற்றியது. வெடிப்பில் வீணாகும் விசையையே வேலைக்குப் பயன்படுத்தலாமென்று பிறவுணிங் கண்டார். வெடித்த ரவையின் பின்னுதைப்பு துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்தள்ள, வெற்றுக்கோது வெளியே வீசப்படும். சுருள்வில் அதனை முன்தள்ள, அடுத்த ரவை குழலுள் ஏறும். இம்முறையில் அமைந்த அவரது சிறிய கைத்துப்பாக்கியை பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எஃப்.என். தொழிற்சாலை தயாரித்தது. 1900 இல் பெல்ஜியப் படை அதனை ஏற்றுக்கொண்டது. விரைவிலேயே பிரெஞ்சு மொழியில் இவ்வகைத் துப்பாக்கிக்கு அவர் பெயரே பொதுப்பெயராகியது.

ஒரே ரவை எல்லாருக்கும் எல்லாத் தேவைக்கும் போதுமென அவர் எண்ணவில்லை என்பதை அவருடைய படைப்புகளே காட்டுகின்றன. சட்டைப்பையில் நாள்தோறும் கொண்டுசெல்ல 6.35 மி.மீ. ரவையையும், நானூறு கிராமுக்குக் குறைவான எடையுடைய துப்பாக்கியையும் அமைத்தார். அதன் சன்னம் மூன்று கிராமளவே. மேலங்கிப்பைக்கு 7.65 மி.மீ. ரவையும், அதனிலும் வலிய 9 மி.மீ. குறும் ரவையும் வந்தன. சுமக்க எளிதானது தாக்குவதில் மெலிந்தது. வலியது சுமையானது. இவ்விரண்டினிடையே ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்ப ஓரிடத்தில் நிற்கவேண்டியிருந்தது.

படையினரின் தேவை வேறாயிருந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் தங்கள் மண்ணைக் கைப்பற்றிய அமெரிக்கப் படையை மோரோ மக்கள் எதிர்த்து நின்றபோது, 0.38 அங்குலச் சுழல் துப்பாக்கியால் அவர்களைத் தடுத்துநிறுத்த இயலவில்லையெனப் படையதிகாரிகள் முறையிட்டனர். 1904 இல் தொம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிக்காகோ இறைச்சிக்கூடங்களில் மாடுகள் மீதும், மனிதப் பிணங்கள் மீதும் சுட்டுப் பார்த்து, 0.45 அங்குலத்துக்குக் குறைந்த ரவை ஆகாதென அறிவித்தனர். அவ்வளவுக்கேற்ப பிறவுணிங் அமைத்த கோல்ற் கைத்துப்பாக்கி 1911 மார்ச்சில் ஆறாயிரம் ரவைகளைப் பழுதின்றிச் சுட்டுத் தேறியது. அதன் சன்னம் பதினைந்து கிராம். துப்பாக்கியோ வெறுமையாகவே 1.1 கிலோ. ரவைக்கூட்டில் ஏழு ரவைகளே அடங்கும். 1985 வரை அது அமெரிக்கப் படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று.

எத்துப்பாக்கியாயினும் பயிற்சியின்றிப் பயனில்லை. வலிய ரவை விலைகூடியது. அதன் ஓசையும் உதைப்பும் புதியவரை அஞ்சச்செய்து, விசையை அழுத்தமுன்னரே கையை நடுங்கவைக்கும். 1915 இல் கோல்ற் நிறுவனம் வெளியிட்ட, பிறவுணிங் வடிவமைத்த 0.22 அங்குலக் கைத்துப்பாக்கி இக்குறையைத் தீர்த்தது. உதைப்பு மிகக் குறைந்ததும் ரவை மலிந்ததுமான அதனைக் கொண்டு நாள்முழுதும் இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகலாம். முதலில் சிறிய ரவையில் கையைப் பழக்கி, பின்னர் பெரியதற்குச் செல்லும் வழக்கம் இன்றுமுள்ளது.

இதற்கிடையில் 1914 ஜூன் 28 ஆம் நாள் சரயேவோவில் கவ்ரீலோ பிரின்சிப் என்னும் இளைஞன் ஒஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டுக்கொன்றான். அவன் கையிலிருந்தது பிறவுணிங் வடிவமைத்து எஃப்.என். தயாரித்த 9 மி.மீ. குறும் ரவைத் துப்பாக்கி. அதனைத் தொடர்ந்து மூண்ட போரில் ஜேர்மன் படைகள் லியேஜ் நகரையே பிடித்துக்கொண்டன. அமெரிக்கா போரில் இறங்கியபின், தமது கைத்துப்பாக்கியோடு இரு இயந்திரத் துப்பாக்கிகளின் உரிமையையும் பிறவுணிங் 750,000 டொலருக்கு அரசுக்கு வழங்கினார். வழமையான உரிமைப்பணம் கேட்டிருப்பின் இதனிலும் பன்மடங்கு கிடைத்திருக்கும். அவருடைய மகன் வால், தந்தை செய்த ஆயுதத்துடன் 1918 இல் பிரான்சின் போர்க்களம் சென்றார்.

1926 நவம்பர் 26 ஆம் நாள், லியேஜ் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் பிறவுணிங் காலமானார். அப்போது அவர் கையிலிருந்த பணியை டியூடொனே சேவ் என்னும் பெல்ஜியர் தொடர்ந்து, 1935 இல் நிறைவுசெய்தார். பதின்மூன்று ரவைகள் கொண்ட 9 மி.மீ. கைத்துப்பாக்கி அது. இரண்டாம் உலகப்போரில், பிடிபட்ட தொழிற்சாலையிலிருந்து ஜேர்மனியரும், கனடாவில் செய்வித்து நேசநாட்டினரும் அதனையே ஏந்தினர்.

ரவை வாதம் அவரோடு முடியவில்லை. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத்துறை 1986 இல் மயாமியில் தன் அதிகாரிகள் இருவரை இழந்தபின் பெரிய ரவைகளை நாடிச்சென்றது. பின்னர் 2014 அளவில் 9 மி.மீ. ரவைக்கே திரும்பியது. உதைப்புக் குறைந்த ரவையைப் பெரும்பாலோர் விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகின்றனர் என்பதும், சன்னங்களின் அமைப்பு மேம்பட்டுவிட்டது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். கையாளமுடிந்ததே ஏற்றதென்ற முடிவு, வெவ்வேறு கைகளுக்கு வெவ்வேறு துப்பாக்கி செய்தவரின் வழியோடு ஒத்துப்போகின்றது.

அவருடைய சிறிய துப்பாக்கிகள் பலவற்றில், பிடியைக் கை முழுமையாக அழுத்தினாலன்றிச் சுடாத காப்புப்பொறியொன்று உண்டு. பையினுள் தற்செயலாக வெடித்து உரியவரே மடியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சரயேவோவில் வெடித்த துப்பாக்கியிலும் அப்பொறி இருந்தது. அந்த இளைஞனின் கை அதனை உறுதியாக அழுத்தியது, பொறியும் பழுதின்றி வேலை செய்தது. தற்செயலைத் தடுக்கும் வழியை ஒக்டன் பட்டறையில் வளர்ந்தவர் கண்டுபிடித்தார். வேண்டுமென்றே அழுத்தும் கையைத் தடுக்கும் பொறியை அவராலும் செய்ய இயலவில்லை. துப்பாக்கிக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தோர்க்கு இது தெரியாததன்று.