யார் இந்த ஜான் மியூர்? காட்டைக் கோயிலாகப் பார்த்தவர் அணையிடம் தோற்ற கதை

அமெரிக்க தேசியப் பூங்காக்கள் என்றாலே முதலில் வரும் பெயர்களில் ஒன்று ஜான் மியூர். 1838-ல் ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்தவர். 1849-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்து, பண்ணை வேலை பார்த்து வளர்ந்தார்.

1867-ல் தொழிற்சாலையில் கண்ணில் அடிபட்டு, சில வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியதும் வேலையை விட்டுட்டு நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிக்கு வந்து சேர்ந்தார்.

காடுன்னா மரமும் சுரங்கமும்தான் என்றிருந்த காலத்தில், அது வழிபட வேண்டிய இடம் என்று எழுதினார். 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. 1892-ல் சியரா கிளப் தொடங்கி அதன் தலைவரானார்.

ஹெட்ச் ஹெட்சி மோதல்

1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் குடிநீருக்காக அணை கட்ட சான் பிரான்சிஸ்கோ தீவிரம் காட்டியது. இயற்கை பெரும்பான்மை மக்களுக்குப் பயன்படணும் என்று வாதிட்ட வனத்துறை நிபுணர் கிஃபோர்ட் பின்ஷோ அணையை ஆதரித்தார். மியூர் எதிர்த்தார். 1913-ல் அணைக்கு அனுமதி கிடைத்தது. 1914 டிசம்பர் 24-ல் மியூர் இறந்தார். ஆனா அந்தப் போராட்டம் கிளப்பிய விவாதம், 1916-ல் தேசியப் பூங்கா சேவை உருவாக ஒரு காரணமானது.

விமர்சனம் என்ன?

மியூர் கொண்டாடிய யோசெமிட்டியில் அவாநீச்சி பழங்குடிகள் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். 1851-ல் ஆயுதப் படை அவர்களை விரட்டியது. பழங்குடிகள், கறுப்பினத்தவர் பற்றி மியூர் இழிவாகப் பேசியிருப்பதை 2020-ல் சியரா கிளப்பே ஒப்புக்கொண்டது.

காட்டைக் காக்கணும் என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. அதில் வாழ்ந்தவங்களை வெளியேற்றாமல் எப்படிக் காப்பது என்பதுதான் மியூர் பதில் சொல்லாமல் விட்டுப்போன கேள்வி.